குழலும் ஏடும்: பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் மாலை அவைகள்

முன்னுரை

புல்லாங்குழல், வயலின், செலோ, ஹார்ப்சிகார்ட் என நான்கே கருவிகள்; பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு மூன்று சொனாட்டாக்கள்; அவற்றுக்கு இடையிடையே ஒருவர் எழுந்து கடிதமோ கவிதையோ நாடகப் பகுதியோ படித்தல். ஜெர்மானிய நகரங்களின் சிற்றரங்குகளில் விரும்பிக் கேட்கப்படும் நிகழ்ச்சி வடிவம் இது. பரோக் காலத்து அறையிசையையும் இலக்கிய வாசிப்பையும் ஒரே மாலையில் இணைக்கும் இவ்வடிவத்தில் அடிக்கடி ஒலிக்கும் பெயர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் (1712–1786) என்பதாகும். போர்களால் ஒரு நடுத்தர நாட்டைப் பேரரசுகளுக்கு நிகராக உயர்த்தியவர் என்றே வரலாற்று நூல்கள் அவரை முதலில் அறிமுகப்படுத்துகின்றன. அவரே 121 குழல் சொனாட்டாக்களும் 4 குழல் கன்செர்ட்டோக்களும் இயற்றியவர். வால்டேருடன் 1736 முதல் 1778 வரை, இடையே முறிவுகள் நேர்ந்தும், கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். அவருடைய வாழ்வில் இசையும் இயலும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கின, அதற்கான விலையை எவரெல்லாம் கொடுத்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இம்மாலைகளைப் பற்றிய பொதுக் கற்பனைக்கு அடிப்படை ஓர் ஓவியம். அடோல்ஃப் மென்செல் 1852இல் முடித்த, இன்று பெர்லின் பழைய தேசியக் காட்சிக்கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில் மன்னர் நின்றபடி குழல் வாசிக்கிறார், மெழுகுதிரிகள் எரிகின்றன, ஹார்ப்சிகார்டின் முன் கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் அமர்ந்திருக்கிறார், வலக்கோடியில் சுவரோரமாக முதிய ஆசிரியர் குவான்ட்ஸ் நிற்கிறார், நடுவே இருக்கையில் மன்னரின் தமக்கை வில்ஹெல்மினா. மென்செல் பிறந்தது 1815இல், அதாவது மன்னர் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பின்னர். ஆகவே ஓவியத்தைச் சான்றாகக் கொள்வதினும் ஒரு பிற்கால ஏக்கமாகக் கொள்வதே பொருந்தும். அதில் இடம்பெறாத ஒன்று உண்டு: நூல்கள். போட்ஸ்டாமின் சான்சூசி மாளிகையில் இசையறைக்கும் வட்டவடிவ நூலறைக்கும் இடையே இருப்பது ஒரே அறை. மன்னர் எழுதியதும் உறங்கியதும் அதில்தான். அவ்வறையின் ஒரு கதவு குழலுக்கும் மறு கதவு ஏட்டுக்கும் திறந்தது.

தந்தையின் அரண்மனை

பிரெடெரிக் 1712 சனவரி 24ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். மறு ஆண்டு அரியணை ஏறிய தந்தை முதலாம் பிரெடெரிக் வில்லியம் செய்த முதற்செயல்களுள் ஒன்று அரண்மனை இசைக்குழுவைக் கலைத்தது. அவருக்குப் படை வேண்டும், கருவூலம் நிறைய வேண்டும். பாட்டும் கூத்தும் வீண்செலவு. வேலையிழந்த கலைஞர்களுள் சிலர் கோத்தன் சிற்றரசவையில் இடம்பெற்றனர். அவ்வவைக்கு 1717இல் இசைத் தலைவராக வந்தவர் யோகான் செபாஸ்தியன் பாக். தந்தை துரத்திய கலைஞர்களைக் கொண்டு உயர்ந்த இசை படைத்த அம்மேதை, முப்பது ஆண்டுகள் கழித்து மகனின் வாயிலில் வந்து நின்றதை வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

இளவரசருக்கு விசைப்பலகையும் இசையிலக்கணமும் கற்பித்தவர் பெர்லின் பெருங்கோயிலின் ஆர்கன் கலைஞர் காட்லீப் ஹைன். நூல்களின் சுவையை ஊட்டியவர் ஜாக் துய்ஹான் என்னும் பிரெஞ்சு ஆசிரியர். இலத்தீன் கூடாது, பழம்புராணம் கூடாது என்று தந்தை வரையறுத்த பாடத்திட்டத்தைத் தாண்டி, இவ்வாசிரியரின் துணையோடு 3,000க்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட மறைவு நூலகம் ஒன்று உருவாயிற்று. தாய் சோபியா டோரதியாவும் தமக்கை வில்ஹெல்மினாவும் இவ்விரு நாட்டங்களுக்கும் உடந்தை. வில்ஹெல்மினா லூட் என்னும் நரம்புக்கருவி வாசிப்பவர். தம்பியின் குழலுக்கு அவரே முதல் துணைக்கருவி.

1728ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளவரசர் தந்தையுடன் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனுக்குச் சென்றார். ஓபராவும் நாடகமும் விருந்துமாகத் திளைத்த அந்நகரம் பதினாறு வயது இளைஞரைத் திகைக்க வைத்தது. அவ்வாண்டே டிரெஸ்டன் அரசவைக் குழற்கலைஞர் யோகான் யோவாகிம் குவான்ட்ஸ் பெர்லினுக்கு வந்தார். அரசியார் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். சாக்சனி மன்னர் இசையவில்லை. ஆண்டில் சில முறை வந்து கற்பிக்க மட்டும் இசைவு கிடைத்தது.

இப்பாடங்கள் மறைவாக நடந்தன. பிற்காலத்தில் பிரீட்ரிக் நிக்கொலாய் தொகுத்த மன்னர் பற்றிய செய்திக்கதைகளுள் ஒன்று இதனைச் சித்திரிக்கிறது. படைவீரருக்குரிய இறுக்கமான உடையைக் களைந்து, பொன்னிழை வேய்ந்த அங்கியில் இளவரசர் வாசித்துக்கொண்டிருந்த வேளையில் தந்தை வருகிறார் என்ற செய்தி எட்டியது. நண்பர் காட்டே குழற்பேழையையும் இசையேடுகளையும் வாரிக்கொண்டு, ஆசிரியரையும் இழுத்துக்கொண்டு, விறகு வைக்கும் சிற்றறையில் ஒளிந்தார். குவான்ட்ஸ் அன்று உடுத்தியிருந்தது சிவப்பு மேலங்கி. மன்னருக்கு அறவே பிடிக்காத நிறம். அவர் நடுங்கியபடி நிற்க, வெளியே மன்னர் மகனின் அங்கிகளைத் தீயிலிட்டார். கண்ணில் பட்ட நூல்களை விற்பனைக்கு அனுப்பினார். கதையின் நகைச்சுவையை மட்டும் சுவைத்துவிட்டுக் கடப்பது எளிது. ஆனால் அச்சிற்றறையில் மூச்சடக்கி நின்ற இருவருள் ஒருவருடைய முடிவு நகைப்புக்குரியதன்று.

1730 ஆகஸ்டு மாதம், தந்தையின் அடிக்கும் இழிவுக்கும் தாளாது, பயணத்தின் நடுவே தப்பியோட முயன்ற பிரெடெரிக் பிடிபட்டார். படை நீதிமன்றம் காட்டேவுக்கு வாழ்நாள் சிறை விதித்தது. மன்னர் அதனை மாற்றி மரண தண்டனையாக்கினார். நவம்பர் 6ஆம் நாள் கூஸ்திரின் கோட்டையில் காட்டேயின் தலை வாளால் துணிக்கப்பட்டது. இளவரசரைச் சாளரத்தருகே நிறுத்திக் காணச் செய்தனர். அவர் மயங்கி விழுந்தார். துய்ஹான் தொலைவிலுள்ள மேமலுக்கு நாடு கடத்தப்பட்டார். மறைவு நூலகம் விற்கப்பட்டது.

இந்நிகழ்வுகளின் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். டோரிஸ் ரிட்டர் போட்ஸ்டாமின் பள்ளியாசிரியர் ஒருவரின் மகள், வயது பதினாறு. நல்ல குரலும் விசைப்பலகைப் பயிற்சியும் உடையவள். அவளோடு சேர்ந்து இளவரசர் சில மாலைகளில் குழல் வாசித்ததும் சிறு பரிசுகள் அளித்ததும் விசாரணையில் தெரியவந்தன. அவளிடம் குற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆயினும் நகர மன்றத்தின் முன்பும், தந்தையின் வீட்டு வாசலிலும், ஊரின் தெருமுனைகளிலும் அவள் சவுக்கடி பெற்றாள்; பின்னர் ஸ்பாண்டாவ் கட்டாய உழைப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். மூன்றாண்டுகளுக்குப் பின் விடுதலையாகி, பெர்லினில் வாடகைக் குதிரைவண்டித் தொழில் நடத்திய ஒருவரை மணந்து வாழ்ந்தாள். காட்டேவுக்கு வரலாற்றாசிரியர்கள் பல பக்கங்களை ஒதுக்கியுள்ளனர். டோரிஸ் ரிட்டருக்குப் பெரும்பாலும் இரண்டு வரிகள். அரசகுமாரனின் குழலுக்கு உடன் இசைத்தது ஒன்றே அவள் செய்தது.

ரைன்ஸ்பெர்க்

தந்தைக்குப் பணிந்து 1733இல் எலிசபெத் கிறிஸ்டினாவை மணந்ததற்கு ஈடாகக் கிடைத்தது ஓரளவு விடுதலை. 1736 முதல் 1740 வரை ரைன்ஸ்பெர்க் மாளிகையில் கழிந்த நான்காண்டுகளே தம் வாழ்வில் இனியவை என்று பிரெடெரிக் எண்ணினார். வயலின் கலைஞர்களான யோகான் காட்லீப் கிரவுனும் பிரான்ஸ் பெண்டாவும் முன்னரே வந்து சேர்ந்திருந்தனர். பாடகரும் இசையமைப்பாளருமான கார்ல் ஹைன்ரிக் கிரவுன் 1735இல் வந்தார். 1738இல் இளைய பாக். இரவில் பிரெஞ்சு நாடகங்களை நண்பர்களே நடித்தனர். பகலில் படிப்பு, மாலையில் இசை. 1736 ஆகஸ்டு 8ஆம் நாள் வால்டேருக்கு முதற்கடிதம் எழுதப்பட்டது. அரசியல் அறம் பற்றி மாக்கியவெல்லியை மறுத்து இளவரசர் பிரெஞ்சில் எழுதிய நூலை வால்டேர் திருத்தி, 1740இல் ஹேக் நகரில் வெளிக்கொணர்ந்தார். அந்நூல் அச்சேறிய அதே ஆண்டின் மே 31ஆம் நாள் தந்தை இறக்க, ஆசிரியர் அரசரானார். திசம்பரில் சிலேசியாவின் மீது படையெடுத்தார். நூலைப் படித்தவர்கள் வியந்ததில் வியப்பில்லை.

ஆசிரியரும் மாணவரும்

கருமான் ஒருவரின் மகனாக 1697இல் பிறந்த குவான்ட்ஸ், பத்து வயதளவில் தந்தையை இழந்து, நகரக் கலைஞர்களிடம் தொழில் பழகி, எல்லாக் கருவிகளையும் கைவரப் பெற்று, இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து எனச் சுற்றி இசை கேட்டுத் தேர்ந்தவர். அவரை 1741 இறுதியில் பெர்லினுக்கு வரவழைக்கப் பிரெடெரிக் அளித்த ஒப்பந்தம் அக்காலக் கலைஞர் எவரும் கனவிலும் காணாதது: ஆண்டுக்கு 2,000 தாலர் வாழ்நாள் ஊதியம், இயற்றும் படைப்புகளுக்குத் தனிப் பணம், செய்து தரும் ஒவ்வொரு குழலுக்கும் 100 டுக்காட், ஓபரா இசைக்குழுவில் வாசிக்கும் கடமை இல்லை. மன்னரின் கட்டளைக்கு மட்டுமே அவர் கட்டுப்பட்டவர். இதே அவையில் ஹார்ப்சிகார்ட் வாசித்த கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் தொடக்கத்தில் பெற்றது ஆண்டுக்கு 300 தாலர். இன்றைய இசையுலகின் மதிப்பீட்டில் இவ்விருவரின் இடங்கள் தலைகீழாகிவிட்டன என்பது அறியத்தக்கது.

குவான்ட்ஸ் கருவி செய்வதிலும் வல்லவர். அக்காலக் குழல் மரத்தாலானது. விரலால் மூடும் ஆறு துளைகளும், டி-ஷார்ப் சுரத்துக்கென உலோகச் சாவி ஒன்றும் உடையது. பாரிசில் தங்கியிருந்தபோது அவர் இரண்டாவது சாவி ஒன்றைச் சேர்த்தார். பியானோவில் ஒரே கட்டையில் ஒலிக்கும் டி-ஷார்ப்பும் ஈ-ஃபிளாட்டும் அவருக்கு வெவ்வேறு சுரங்கள். பின்னது நூலிழையளவு உயர்ந்தது. அந்நுண்மையைக் காட்டவே இரு சாவிகள். சுருதி பேதத்தில் செவி கூர்ந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். மற்றக் கலைஞர்கள் இதனைப் பெரிதும் ஏற்கவில்லை. பிரெடெரிக் இறுதிவரை இக்குழல்களையே வாசித்தார்.

குழல் பயிற்சி பற்றி குவான்ட்ஸ் எழுதி 1752இல் மன்னருக்குப் படையலாக வெளியிட்ட பெருநூல் 18 இயல்களைக் கொண்டது. குழலைப் பற்றியது அதில் ஒரு பகுதியே. மற்றவை இசையறிவு, துணைக்கருவியாளர் கடமை, படைப்புகளை மதிப்பிடும் முறை ஆகியவற்றைப் பேசுகின்றன. பதினோராம் இயல் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. இசைக்கலைஞரை அது மேடைச் சொற்பொழிவாளரோடு ஒப்பிடுகிறது. இருவர் நோக்கமும் கேட்போர் நெஞ்சைக் கவர்வது, உணர்ச்சிகளை எழுப்பியும் அடக்கியும் அவர்களை விரும்பிய திசையில் செலுத்துவது. இருவருக்கும் தெளிந்த ஒலிப்பு வேண்டும். ஒரே தொனியில் முழுதும் ஒப்பித்தல் ஆகாது. எங்கு நிறுத்துவது, எதனை எதனோடு சேர்த்துச் சொல்வது என்னும் பொருளறிவு வேண்டும். சொல்லைப் பிரிக்கக் கூடாத இடத்தில் மூச்சு வாங்கினால் உரை கெடுவது போலவே இசையும் கெடும். வாசித்தல் என்னும் ஒரே வினையால் ஏட்டையும் குழலையும் குறிக்கும் தமிழில் இவ்வொப்புமைக்கு விளக்கம் தேவையில்லை.

மன்னரின் மாலை அவை இக்கொள்கையின் நடைமுறை எனலாம். பெர்லினில் 1742 திசம்பரில் திறக்கப்பட்ட ஓபரா அரங்கு ஊருக்கானது. குழலோ சிலர் மட்டுமே அழைக்கப்பட்ட அறைக்கானது. மாலை ஏழு மணியளவில் தொடங்கும். மன்னர் இயற்றியவையும் குவான்ட்ஸ் இயற்றியவையுமே பெரும்பாலும் வாசிக்கப்படும். குவான்ட்ஸ் எழுதிய ஏறத்தாழ 300 கன்செர்ட்டோக்கள் முறைவைத்துச் சுழன்றுவரும். வாசிப்பின் முடிவில் பாராட்டொலி எழுப்பும் உரிமை குவான்ட்ஸ் ஒருவருக்கே உண்டு. 1772இல் போட்ஸ்டாம் வந்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி, அறுபது வயது மன்னர் நீண்டவையும் கடினமானவையுமான மூன்று கன்செர்ட்டோக்களை அடுத்தடுத்து வாசிக்கக் கேட்டார். ஒலியின் தூய்மையும் விரல்களின் துலக்கமும் அவரைக் கவர்ந்தன. அடாஜியோ என்னும் விளம்பகாலப் பகுதியில் வெளிப்பட்ட உணர்ச்சி பெரிதும் கவர்ந்தது. நீண்ட தொடர்களில் மட்டும் முறைக்கு மாறாக இடையில் மூச்சு வாங்க நேர்ந்ததையும் அவர் பதிவு செய்யத் தவறவில்லை. அதனினும் கூர்மையானது அவருடைய மற்றொரு நோக்கு: கிரவுன், குவான்ட்ஸ் என்னும் இரு பெயர்களைத் தாண்டி அந்நகரில் இசைக்கு இடமில்லை. மன்னரின் சுவை இளமையில் உறுதிப்பட்டது. பின்னர் அது உறைந்தது.

1747 மே 7ஆம் நாள் நிகழ்ந்தது இவ்வவையின் வரலாற்றிலேயே பெரியது. மகனைக் காண வந்த யோகான் செபாஸ்தியன் பாக், பயணக் களைப்போடு போட்ஸ்டாம் நகர அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். அன்றைய குழலிசை நிறுத்தப்பட்டது. சில்பர்மான் செய்த புதிய வகைப் பியானோக்களை அறை அறையாக வாசித்துக் காட்டிய அறுபத்திரண்டு வயது முதியவரிடம் மன்னர் ஒரு கருவை அளித்தார். அதன்மேல் அங்கேயே ஃபியூக் புனையச் சொன்னார். ஆறு குரல் ஃபியூக் வேண்டும் என்று கேட்டபோது பாக் அக்கருவை விடுத்துத் தாமே தேர்ந்த வேறொரு கருவின்மேல் வாசித்தார். ஊர் திரும்பி, மன்னரின் கருவின்மேலேயே ஆறு குரல் ஃபியூக் உட்படப் பல படைப்புகளை எழுதி, இசைக் காணிக்கை என்னும் பெயரில் அச்சிட்டு அனுப்பினார். அதிலுள்ள மூவிசைச் சொனாட்டா குழலுக்கும் வயலினுக்கும் உரியது. பெர்லினில் விரும்பப்பட்ட நெகிழ்ந்த பெருமூச்சுப் பாணியை அதன் மெதுவான பகுதியொன்றில் ஏற்றும், விரைவுப் பகுதியில் மன்னரின் கருவைக் கடும் பின்னலுக்குள் இழுத்தும் பாக் எழுதியுள்ளார். பணிவும் சவாலும் ஒரே ஏட்டில் அமைந்துள்ளன என்று கொள்வதில் தவறில்லை. 27 ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரியத் தூதர் வான் சுவீட்டனிடம் இந்நாளை நினைவுகூர்ந்த மன்னர், அக்கருவை உரக்கப் பாடிக் காட்டினார்.

ஏடு படிப்போர்

சான்சூசி மாளிகை 1747 மே முதல் நாளில் திறக்கப்பட்டது. அதன் இசையறைச் சுவர்களில் அந்துவான் பேன் தீட்டிய ஓவியங்கள் ஓவிட் பாடிய உருமாற்றக் கதைகளைக் காட்டுகின்றன. தன்னைத் துரத்திய பான் தேவனுக்குத் தப்பி நாணலாக மாறிய சிரிங்க்ஸ் அவற்றுள் ஒருத்தி. அந்நாணலே குழலாயிற்று என்பது கதை. நூலறையில் ஏறத்தாழ 2,100 நூல்கள். கிரேக்க, இலத்தீன் நூல்கள் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் இருந்தன. ஜெர்மன் நூல்களுக்கு அங்கு இடமில்லை. தம் மக்களின் மொழியைப் படைக்கும் குதிரைக்கும் உரியதாக எண்ணிய மன்னருக்கு இலக்கியம் என்றால் பிரெஞ்சு இலக்கியமே.

அவையில் படிப்பவர் என்பது ஊதியத்துடன் கூடிய பதவி. தார்ஜே, மருத்துவரும் பொருள்முதல்வாதியுமான லா மெத்ரி, பிராத் பாதிரியார் ஆகியோர் இப்பணியில் இருந்தனர். மன்னர் எழுதிய இரங்கலுரைகளும் வரலாற்றுப் பகுதிகளும் பெர்லின் கல்விக்கழகத்தில் பிறர் குரலில் படிக்கப்பட்டன. 1751இல் லா மெத்ரி இறந்தபோது மன்னர் எழுதிய புகழுரையைத் தார்ஜே படித்தார். குழலில் மன்னரே கலைஞர், பிறர் கேட்போர். எழுத்திலோ அவர் எழுத, பிறர் குரல் கொடுத்தனர்.

எழுத்துக்கும் ஓர் ஆசிரியரை அவர் நாடினார். 1750 சூலையில் வால்டேர் போட்ஸ்டாம் வந்து சேர்ந்தார். அவருடைய பணி மன்னரின் பிரெஞ்சுக் கவிதைகளைத் திருத்துவது, இரவு விருந்தில் உரையாடுவது. மூன்றாண்டு முடிவதற்குள் உறவு முறிந்தது. கல்விக்கழகத் தலைவர் மோபெர்த்துயியை எள்ளி வால்டேர் எழுதிய நூல் 1752 திசம்பர் 24ஆம் நாள் பெர்லினின் பொதுவிடங்களில் எரிக்கப்பட்டது. 1753 மார்ச்சில் புறப்பட்ட வால்டேரை மன்னரின் ஆட்கள் பிராங்க்பர்ட்டில் வாரக்கணக்கில் தடுத்து வைத்தனர். காரணம், மன்னரின் கவிதைநூற் படியொன்று அவரிடம் இருந்தது. தந்தை விற்ற நூல்களை இழந்து வளர்ந்தவரே இப்போது நூலொன்றைத் தீக்கு இரையாக்கினார்.

குவான்ட்ஸ் 32 ஆண்டுகள் உடனிருந்தார். வால்டேரால் மூன்றாண்டு தாங்க இயலவில்லை. இருவரும் மன்னரின் பிழைகளைத் திருத்தியவர்களே. ஊதியமோ குணமோ மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கப் போதா. குழலில் நேரும் பிழை அறைக்குள் ஒலித்து அறைக்குள்ளேயே அடங்கும். திருத்துபவர் இருமினால் போதும். கவிதைப் பிழையோ ஏட்டில் நிற்கும்; திருத்துபவரின் கையிலும் அதே கருவி இருக்கும்; அவர் விரும்பினால் அதைக் கொண்டே அரசரை ஐரோப்பா முழுதும் நகைக்கச் செய்யலாம். மன்னர் அஞ்சியது இதனையே எனத் தோன்றுகிறது.

இசையும் எழுத்தும் ஒருங்கே கூடிய அவருடைய பெருமுயற்சி மொந்தெசூமா என்னும் ஓபரா. ஸ்பானியரால் வீழ்த்தப்பட்ட மெக்சிக்கோ மன்னனின் கதையைப் பிரெடெரிக் பிரெஞ்சு உரைநடையில் எழுதினார், தாலியாசுக்கி அதனை இத்தாலியச் செய்யுளாக்கினார், கிரவுன் இசையமைத்தார். 1755 சனவரி 6ஆம் நாள் பெர்லினில் அரங்கேறியது. சமயத்தின் பெயரால் அயல்நாட்டைக் கவரும் கொடுமையைச் சாடும் இந்நாடகம் மேடையேறி இருபது மாதங்கள்கூட முழுதாக நிறையாத நிலையில், 1756 ஆகஸ்டு 29ஆம் நாள், அதன் ஆசிரியரின் படை போர் அறிவிப்பின்றிச் சாக்சனிக்குள் நுழைந்தது.

போர்க்களமும் குழலும்

டிரெஸ்டன் இரு முறை பிரெடெரிக்கின் கையைக் கண்டது. 1745 திசம்பரில் வெற்றியாளராக நுழைந்த அவர், அந்நகரின் இசைத் தலைவரான ஹாசேயின் ஓபராவை உடனே நிகழ்த்தச் செய்து கேட்டார், மாலைகளில் ஹாசே விசைப்பலகையில் உடன் வாசிக்கத் தாம் குழல் வாசித்தார், கலைஞர்களுக்குப் பரிசளித்தார். 1760 சூலையில் அதே நகரை அவருடைய பீரங்கிகள் தாக்கின. திருச்சிலுவைக் கோயில் இடிந்தது. அச்சிடுவதற்கென ஹாசே தொகுத்து வைத்திருந்த வாழ்நாள் படைப்புகளின் கையெழுத்துப்படிகள் தீக்கிரையாயின. தாம் மிக விரும்பிய இசையமைப்பாளரின் ஏடுகளைத் தம் படையே எரித்தது. அவர் முதன்முதல் இசையில் திளைத்த நகரமும் அதுவே.

ஏழாண்டுப் போர் அவரிடமிருந்து பலரை எடுத்துச் சென்றது. 1757இல் தாய், 1758 அக்டோபர் 14ஆம் நாள், ஹோக்கிர்க் களத்தில் அவர் தோற்ற அதே நாளில், வில்ஹெல்மினா, 1759இல் கிரவுன். இவ்வாண்டுகளில் உடனிருந்து செவிமடுத்தவர் ஹென்றி தெ காட் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர். 1755இல் ஹாலந்தில் ஒரு படகில் அவரைச் சந்தித்தபோது, மாறுவேடத்தில் இருந்த பிரெடெரிக் தம்மைப் போலந்து மன்னரின் இசைக்கலைஞர் என்று கூறிக்கொண்டார். தாம் ஏற்க விரும்பிய வேடம் எது என்பதை அப்பொய் காட்டிவிடுகிறது. 1758 முதல் பாசறையில் படிப்பவராக அமர்ந்த காட்டின் பணி படிப்பதினும் கேட்பதாகவே இருந்தது. மன்னரே ரசீனின் துன்பியல் நாடகங்களை எடுத்து உரக்கப் படிப்பார், குரல் தழுதழுக்கும், சில இடங்களில் கண்ணீரால் படிப்பு நின்றுவிடும். பகலில் ஆயிரக்கணக்கானோரைச் சாவுக்கு அனுப்பியவர் மாலையில் கற்பனை அரசியரின் துயருக்கு அழுதார் என்பது காட்டின் குறிப்புகளிலிருந்து தெரியவருகிறது. குவான்ட்ஸ் வகுத்த சொற்பொழிவு இலக்கணம் அப்பாசறையில் குழலின்றியே செயற்பட்டது.

1760 திசம்பரில் லைப்சிக் குளிர்கால முகாமில் ஜெர்மன் கவிஞர் கெல்லர்ட்டை அழைத்து அவர் வாயால் ஒரு கதைப்பாட்டைக் கேட்டார் மன்னர். ஜெர்மன் மொழியில் இத்துணை நயம் இயலுமா என வியந்தார். வியப்பு அத்தோடு முடிந்தது. 1780இல் ஜெர்மன் இலக்கியம் பற்றி அவர் எழுதிய நூல் பிரெஞ்சில் அமைந்தது. இளங் கோதேயின் நாடகத்தை ஷேக்ஸ்பியரின் குறைகளைப் பின்பற்றும் போலி என்று ஒதுக்கியது. லெஸ்ஸிங்கின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

போருக்குப் பின் மாலை இசை மீண்டும் தொடங்கியது. பழைய நிறைவு மீளவில்லை. போர்க்காலத்தில் நாணயத்தின் மதிப்புக் குறைந்ததால் கலைஞர்களின் வாழ்வு நலிந்திருந்தது. கார்ல் பிலிப் இம்மானுவேல் பாக் பலமுறை விடைபெற முயன்று 1768இல் ஹாம்பர்க் சென்று சேர்ந்தார். குவான்ட்ஸ் 1773 சூலை 12ஆம் நாள் போட்ஸ்டாமில் இறந்தார். மன்னரின் முன்பற்கள் விழுந்தன. கீல்வாதத்தால் விரல்கள் மடங்க மறுத்தன. 1779 அளவில் குழல் பேழைக்குள் சென்றது, பின்னர் வெளிவரவில்லை. ஏடு மட்டும் எஞ்சியது. 1778இல் வால்டேர் இறந்தபோது மன்னர் எழுதிய புகழுரை கல்விக்கழகத்தில் படிக்கப்பட்டது. ஒருகாலத்தில் தடுத்து வைக்கப்பட்டவருக்கான அவ்வுரையில் பகையின் சாயல் இல்லை.

பிரெடெரிக் 1786 ஆகஸ்டு 17ஆம் நாள் அதிகாலையில் சான்சூசியில், சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். மாளிகையின் மேல்தளத் தோட்டத்தில், தம் வளர்ப்பு நாய்களின் அருகே, ஆரவாரமின்றிப் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அடுத்து வந்த மன்னர் அதனைப் பொருட்படுத்தவில்லை. போட்ஸ்டாம் படைக்கோயிலில், குழலையும் ஏட்டையும் வெறுத்த தந்தையின் பக்கத்திலேயே உடல் வைக்கப்பட்டது. 1889இல் இசையறிஞர் பிலிப் ஸ்பிட்டா அவருடைய சொனாட்டாக்களுள் இருபத்தைந்தையும் நான்கு கன்செர்ட்டோக்களையும் பதிப்பித்தார். இன்றைய அரங்குகளில் கேட்பவற்றுக்கு வழிவகுத்தது அப்பதிப்பு. உடல் சான்சூசித் தோட்டத்து நாய்களின் கல்லறை அருகே வந்து சேர்ந்தது 1991 ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு.